ஒரு கால் அதிகம்

பலகைக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தவன்
கூடலூர்ப் பையன். அவசரக்காரன்.
'தவமணி மாளிகைக் கடை' என்று
சிவப்பு அக்ரிலிக்கில் கொண்டுவந்து நிறுத்தினான்.
மளிகைக்கு எதற்குத் தம்பி கால் என்றேன்.
கழற்றினால் இடைவெளி விழும்க்கா,
இருக்கட்டும், கெத்தா இருக்கு என்றான்.
பன்னிரண்டுக்குப் பத்து. தகரக் கூரை.
முன்னால் தேவாலா மழை.
மாளிகை.

வருகிறவர்கள் யாரும் இதைக்
கடை என்று சொல்வதில்லை.
வழிக்கடவிலிருந்து மேலேறி வரும் குஞ்ஞலவி
'பீடிக தொறந்நில்லே?' என்பார்.
நம்மிடம் பீடிகை என்றால்
சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றுவது.
அவரும் அதைத்தான் செய்வார்:
மழை, மருமகன், குறுமிளகு விலை, மூட்டுவலி,
எல்லாம் ஆன பிறகு
அரைக்கிலோ சர்க்கரை, கடன்.
இரண்டு மொழிக்கும் அவர் ஒருவரே அகராதி.

குண்டல்பேட்டை வெங்காயம் இறக்கும் மாதப்பாவுக்கு
இது அங்கடி.
அந்தச் சொல்லை நான்
ரேஷன் கடைப் பலகையில்தான் பார்த்திருக்கிறேன்,
நியாயவிலை அங்காடி என்று
இஸ்திரி போட்ட சட்டையோடு.
அவர் வாயில் அது லுங்கியை மடித்துக் கட்டி
பீடி பற்றவைத்துக்கொண்டு
துட்டு எங்கே என்கிறது.

டான்டீ லயனில் செல்லக்கண்ணு
ஸ்டோருக்குப் போறேன் என்றால்
என் பக்கம் வருகிறார் என்று நினைக்கக் கூடாது.
அவர் பிறந்த பண்டாரவளையில்
ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கும் ஆலை.
தலைமன்னாரில் கப்பலேறும்போது
டிரங்குப் பெட்டிக்குள் அந்த அர்த்தத்தையும்
மடித்து வைத்துவிட்டார்கள் போல.
கிடங்கும் கப்பலேறிய சொல்தான் என்கிறார்கள்.
எங்கெங்கோ சுற்றி
குடோன் என்று பேர் மாற்றிக்கொண்டு திரும்பியதாம்.
நாங்கள் விசாரிக்கவில்லை.
உருளைக்கிழங்கை உள்ளே போட்டோம்.

மண்டிக்காரரிடம் மட்டும் பயம்.
மேட்டுப்பாளையம் மண்டியில் பாக்கி வைத்தால்
மண்டியிட வேண்டும்.
எண்ணெய் டின்னின் அடியில் தங்குவதும் மண்டிதான்.
அதை விளக்குக்கு என்று
குறைந்த விலையில் விற்கிறேன்.

கடை என்பது எனக்கே
பத்திரம் எழுதிய அன்றுதான் உறைத்தது.
கண்ணின் ஓரம். வாயின் உள்பல்.
தண்ணீர் வந்து சேராத மடை.
வீட்டில் எனக்குப் பெயரே கடைக்குட்டி.
ஊர் முடிந்து காடு தொடங்கும் இடம்,
வாடகை குறைவு என்று பிடித்தேன்.
சொல்லிலேயே எழுதியிருந்தது.

ஆடி அமாவாசை, இரண்டு மணி.
ஷட்டரை அப்பளம் போல மடித்துவிட்டு
அது உள்ளே துதிக்கையை நீட்டியது.
எந்த மொழியிலும் எதுவும் கேட்கவில்லை.
மழையைப் பற்றிப் பேசவில்லை.
மிளகாய் மூட்டைக்குப் பின்னால்
தும்மலைப் பிடித்துக்கொண்டு
முட்டி தரையில் பட நான்.
உப்பு இழுபடும் சத்தம்
அவ்வளவு நிதானமாக.

காலையில் வனக்காவலர் படிவத்தோடு வந்தார்.
வீடா, பயிரா, கால்நடையா?
இங்கேதான் சமைக்கிறேன், இங்கேதான் தூங்குகிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தார்.
'மற்றவை' என்று போட்டார்.

குஞ்ஞலவிதான் முதலில் அண்ணாந்து பார்த்தவர்.
தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.
ம, என்றார். ளி, என்றார்.
முதுகு உரசிப் போன இடத்தில்
ஒரே ஒரு எழுத்து விழுந்திருந்தது.
இடைவெளியும் விழுந்திருந்தது, பையன் சொன்ன மாதிரி.
மற்றதெல்லாம் சிவப்பாக, நேராக.

பிழை திருத்திய கூலி என்று
பன்னிரண்டு கிலோ கல்லுப்பும்
ஒரு சிப்பம் பச்சரிசியும்
நோட்டில் எழுதினேன்.
பெயர் கேட்கும் இடத்தில்
ஒற்றைக் கொம்பன்.
குஞ்ஞலவி எட்டிப் பார்த்து,
தன் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது என்று
சந்தோஷப்பட்டார்.

விழுந்த காலைத் துடைத்து எடுத்து வைத்தேன்.
தராசு மேசைக்கு
ரொம்ப நாளாக ஒரு கால் குட்டை.
சொருகினேன்.
இப்போது ஆடுவதில்லை.